பிழை விடப் பயந்த பிள்ளை



உங்கள் பிள்ளை ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லும்போது நீங்கள் முதலிற் செய்வது என்ன? பிள்ளை சொல்ல வந்த சேதியைக் கேட்கிறீர்களா? அல்லது பிழையைப் பிடிக்கிறீர்களா? இது இலக்கணம் பற்றிய கேள்வி என்று நீங்கள் நினைக்கலாம். வன்னி மண்ணில் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழும் ஆங்கிலமும் படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்ட எனக்கோ, இது அறம் பற்றிய கேள்வியாகவே படுகிறது. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் திருத்துவதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது? அந்த உரிமையை நாம் அன்போடு பயன்படுத்துகிறோமா, அகந்தையோடு பயன்படுத்துகிறோமா? இதனைச் சற்று ஆர அமரச் சிந்திப்போம்.

ஆசிரியத் தொழிலுக்கு எவரும் வெறும் மனத்தோடு வருவதில்லை. கற்பித்தல் பற்றிய சில நம்பிக்கைகளைச் சுமந்துகொண்டே வகுப்பறைக்குள் நுழைகிறார்கள். பயிற்சிக் கலாசாலையிற் படித்தவை ஒரு பங்கு என்றால், தம்மைப் படிப்பித்தவர்களைப் பார்த்துத் தம்மை அறியாமலே பழகிக்கொண்டவை ஒன்பது பங்கு. என்னைப் படிப்பித்தவர்கள் நல்லவர்கள், ஆனால் கண்டிப்பானவர்கள். ஒரு கையிற் பிரம்பும் மறு கையிற் சிவப்புப் பேனையும் வைத்திருந்தார்கள். ஆகவே, பிழையைக் கண்ட இடத்தில் வெட்டி எறிபவனே மொழி ஆசிரியன் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் 1980-களின் நடுப்பகுதியில், கிளிநொச்சிப் பக்கத்துச் சிறு பாடசாலை ஒன்றிற் கடமையேற்றேன். அது என்னை விட்டுப் போவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

வகுப்பறையில் எழுந்த சிரிப்பு

வன்னியின் குடிகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதன்று. பரம்பரையாக இங்கு வாழ்ந்தவர்கள், இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் எனப் பல திசை மக்கள் இங்கே கலந்து வாழ்கிறார்கள். எல்லாருக்கும் தாய்மொழி தமிழ். ஆனால் பேச்சு ஒன்றன்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'அவை வந்தவை' என்று சொல்லும் இடத்தில், மலையகத்துப் பிள்ளை 'அவுங்க வந்தாங்க' என்று சொல்லும்.

ஒரு நாட் காலை எட்டாம் வகுப்பிலே ஒரு பெண் பிள்ளை பிந்தி வந்தாள். மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவள். ஏன் பிந்தினாய் என்று கேட்டேன். "தண்ணி எடுக்கப் போனேனுங்க சார், லேட்டாயிருச்சுங்க" என்றாள். வகுப்புச் சிரித்தது. அந்தச் சிரிப்பை அடக்க வேண்டிய நான், "லேட்டாயிருச்சுங்களா?" என்று அவளுடைய குரலிலேயே திருப்பிச் சொன்னேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரிக்க முயன்றாள். பிறகு போய்த் தன்னுடைய வாங்கில் இருந்தாள்.

நடந்தது அவ்வளவுதான். நான் பிரம்பு எடுக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் அந்த ஆண்டு முடியும் வரை அவள் என் பாடத்தில் வாய் திறந்து ஒரு வசனம் பேசவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். 'இரு' என்று சொல்லும் வரை தலை குனிந்தபடியே நிற்பாள். 'வெட்கம் கூடியவள், கவனம் போதாது' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதினேன். அடுத்த ஆண்டு அவள் வரவில்லை. தாயோடு கூலி வேலைக்குப் போகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். வறுமைதான் அவளுடைய படிப்பை நிறுத்தியது என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வறுமையும் ஒரு காரணமே. ஆனால் வறுமை அவளுடைய காலைத்தான் கட்டியது. நாவைக் கட்டியவன் நான்.

இதில் இன்னொன்றும் உண்டு. பாடப் புத்தகத்து 'அவர்கள் வந்தார்கள்' என்னும் வசனத்திற்கு 'அவுங்க வந்தாங்க' என்பதே கிட்டிய உறவு. 'அவை' என்பதோ நன்னூல் படித்தவர்களுக்கு அஃறிணைப் பன்மை. இலக்கணத் தராசில் நிறுத்துப் பார்த்தால், சிரித்த நாங்களே அதிகம் வழுவியவர்கள்! நாங்கள் சிரித்தது இலக்கணத்தின் பொருட்டு அன்று. எங்கள் பேச்சு உயர்ந்தது, உன் பேச்சுத் தாழ்ந்தது என்னும் இறுமாப்பின் பொருட்டே. மொழித் திருத்தம் என்ற பெயரில் எத்தனை முறை நாம் குலத்தையும் ஊரையும் ஏழ்மையையும் திருத்தப் புறப்படுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புனித அகுஸ்தீனார் கற்ற இரு மொழிகள்

அச்சமும் நாணமும் மொழியைக் கொல்லும் என்பது இன்று நேற்றுக் கண்ட உண்மை அன்று. கி.பி. 354-இல் வட ஆபிரிக்காவில், இன்று அல்சீரியா எனப்படும் நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்த புனித அகுஸ்தீனார் இதனைத் தம் வாழ்விற் கண்டு எழுதியிருக்கிறார். தம் வாழ்க்கையை இறைவனிடம் அறிக்கையிடும் 'ஒப்புதல்கள்' என்னும் நூலின் முதற் பாகத்தில், இரண்டு மொழிகளைத் தாம் கற்ற விதத்தை அவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

இலத்தீன் மொழியைச் செவிலித் தாயரின் கொஞ்சலுக்கும் வீட்டாரின் விளையாட்டுக்கும் நடுவே அவர் கற்றார். எவரும் அடித்துப் படிப்பிக்கவில்லை. மனத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆவலே அவருக்கு ஆசானாயிற்று. கிரேக்க மொழியையோ பள்ளிக்கூடத்தில், அச்சுறுத்தலுக்கும் கொடுந் தண்டனைக்கும் நடுவே கற்றார். இனிமையான கிரேக்கக் கதைகளே அவருக்குக் கசந்துபோயின. இறுதிவரை அந்த மொழி அவருக்குச் சரளமாகக் கைவரவில்லை. பயமுறுத்திக் கட்டாயப்படுத்துவதைக் காட்டிலும் சுதந்திரமான ஆவலே மொழி கற்க வலிமையுள்ளது என்பது அவர் கண்ட முடிவு.

திருச்சபையின் மாபெரும் அறிஞர் ஒருவருக்கே ஒரு மொழியின் கதவைப் பிரம்பு அடைத்துவிட்டது என்றால், நம் வீட்டுப் பிள்ளையின் கதி என்ன?

மரத்தடியிற் கற்ற பாடம்

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வெளியேறியதும், பின்னர் அவர்களுட் பலர் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்ததும் உங்களில் பலருடைய சொந்தக் கதை. 1996-இல் கிளிநொச்சி நகரமே போர்க்களமாகியது. அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சனம் உள்ளே உள்ளே போயிற்று. பாடசாலைகள் கொட்டில்களிலும் மரங்களின் கீழும் நடந்தன. ஒரு பாடப் புத்தகத்தைப் பத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். கொப்பி வாங்குவதே பெரும்பாடு.

அந்தத் தட்டுப்பாடு எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தது. எழுத்து வேலை கொடுக்க வழியில்லாமற் போகவே, பிள்ளைகளைக் கதைக்க விட்டேன். 'உன்னுடைய ஊருக்கு எப்படிப் போவது? எனக்கு வழி சொல்லு' என்று ஒருவனைக் கேட்பேன். அவன் சந்தியைச் சொல்வான், கோயிலைச் சொல்வான், ஆலமரத்தைச் சொல்வான். ஒரு சொல் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எடுத்துக் கொடுப்பான். ஆங்கிலத்திலும் இதையே செய்தோம். மணலிற் குச்சியால் வழி கீறிக் காட்டி, தெரிந்த பத்துச் சொற்களைக் கொண்டே சொன்னார்கள். வரிசையாக இருத்தி வினைச்சொல் அட்டவணையை ஒப்புவிக்கச் செய்த காலத்தில் வாய் திறவாத பிள்ளைகள், இப்போது ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்.

சொல்வதற்கு ஒரு சேதியும், அதைக் கேட்பதற்கு ஒரு மனிதனும் இருந்தால் மொழி தானாக ஊறும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எத்தனை புத்தகம் அடுக்கினாலும் அது கிணறு இல்லாத வளவில் வாளி அடுக்குவது போலத்தான்.

வீரமாமுனிவரை எண்ணிப் பாருங்கள். 1680-இல் இத்தாலியிற் பிறந்து, தமிழகம் வந்து, நம் மொழியை ஒரு குழந்தையைப் போலத் தொடக்கத்திலிருந்து கற்றவர் அவர். புதிதாகத் தமிழ் கற்கும் பிற நாட்டவருக்குப் பயிற்சியாக அவர் எழுதிக் கொடுத்தது என்ன? மூட சீடர்களோடு அலையும் பரமார்த்த குருவின் கதை! தேம்பாவணி பாடிய அதே கை, கற்பவன் சிரித்துச் சிரித்துப் படிக்கட்டும் என்று அந்த வேடிக்கைக் கதையையும் எழுதியது. சிரிப்பில் இரண்டு வகை உண்டு. கற்பவனோடு சேர்ந்து சிரிப்பது ஒன்று. கற்பவனைப் பார்த்துச் சிரிப்பது மற்றொன்று. முன்னையது அவர் வழி. பின்னையது அந்த எட்டாம் வகுப்பில் என் வழி.

'என் வீடு'

2009 வைகாசியிற் போர் முடிந்தது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்னி மக்கள் முகாம்களில் இருத்தப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். முள்ளுக்கம்பி வேலிக்குள்ளே, தற்காலிகக் கொட்டில்களில் வகுப்புகள் தொடங்கின. பிள்ளைகளின் மனம் ஒரு நிலைக்கு வரட்டும் என்று எண்ணி, எல்லாருக்கும் தெரிந்த எளிய தலைப்பு ஒன்றைக் கட்டுரைக்குக் கொடுத்தேன். தலைப்பு 'என் வீடு'. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் கொடுத்து வந்த தலைப்பு அது. யோசிக்காமற் கொடுத்துவிட்டேன்.

'எங்கள் வீடு சிறியது. வீட்டின் முன்னே ஒரு மாமரம் நிற்கிறது' என்று நிகழ்காலத்தில் எழுதுவதே மாதிரிக் கட்டுரையின் வழக்கம். தாள்களை வாங்கிப் பார்த்தேன். 'எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. கிணறு இருந்தது. தம்பி இருந்தான்.' எல்லாம் இறந்தகாலம். சிலர் ஒன்றுமே எழுதவில்லை. ஒருவன் வீட்டைக் கீறி, அதன் மேலே கோடு கோடாகக் கீறி அழித்திருந்தான். எழுத்துப் பிழைகள் மலிந்து கிடந்தன. 'கிணறு' என்பதைக் 'கினறு' என்று எழுதியிருந்தார்கள்.

வாசகரே, அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'கினறு' என்பதை வட்டமிட்டு 'ணகரம்' என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டுமா? அது பிழை என்பது உண்மை. அதைத் திருத்துவது என் தொழில் என்பதும் உண்மை. ஆனால் ஒரு பிள்ளை 'தம்பி இருந்தான்' என்று எனக்குச் சொல்லும்போது, அதற்கு நான் தரும் முதல் மறுமொழி 'ணகரம்' என்பதாக இருக்க முடியாது. நான் அன்று பேனையைத் திறக்கவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் எழுதியதை வாசித்து, 'தம்பியின் பெயர் என்ன?' என்று கேட்டேன். சொல்ல விரும்பியவர்கள் சொன்னார்கள். மற்றவர்களை நான் நெருக்கவில்லை. ணகரத்தை மூன்று வாரம் கழித்து, வேறு ஒரு பாடத்திற் படிப்பித்தேன். ஒருவருக்கும் அதனால் நட்டம் வரவில்லை.

மொழி ஆசிரியன் முதலிற் கேட்பவன். அதன் பிறகே திருத்துபவன். இந்த ஒழுங்கு மாறக் கூடாது என்பது அன்று முதல் என் நம்பிக்கை.

ஐம்பது வயதில் வாங்கில் இருந்தபோது

ஆயினும், அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையை நான் முழுதாக விளங்கிக்கொண்டது 2011-இல்தான். மீளக்குடியேறிய பின், வவுனியாவில் நடந்த சிங்கள வகுப்பு ஒன்றிற் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பாதை மூடப்பட்ட நெடுங்காலம் வன்னிக்குள்ளேயே வாழ்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த மொழி காதில் விழுந்ததே அருமை. வகுப்பில் என்னுடைய பழைய மாணவர்களும் இருந்தார்கள்.

முதல் வாரம், தன்னைத் தானே அறிமுகஞ் செய்யும் பாடம். சிங்களத்தில் 'மம' என்றால் 'நான்'. நான் எழுந்து நின்றேன். நாக்கு நீண்டுவிட்டது. 'மம' என்பதற்குப் பதிலாக 'மாமா' என்று சொல்லி, ஆசிரியர் என்ற சொல்லையும் அதோடு சேர்த்துவிட்டேன். தமிழைப் போலவே சிங்களத்திலும் 'மாமா' என்றால் மாமாதான். 'நான் ஆசிரியர்' என்று சொல்லப் போய், 'மாமா ஆசிரியர்' என்று சொல்லி நின்றேன். வகுப்பு வெடித்துச் சிரித்தது. என் பழைய மாணவன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வெறுப்பினாற் சிரித்தவர் எவருமில்லை. எனக்கும் அது தெரியும். ஆனாலும் காது சுட்டது, தொண்டை அடைத்தது. அடுத்த இரண்டு வகுப்புகளில் நான் வாயே திறக்கவில்லை. பின் வாங்கில் இருந்துகொண்டு கொப்பியிற் குனிந்து எழுதுவது போல நடித்தேன்.

அப்படிக் குனிந்திருந்தபோதுதான் அந்தப் பிள்ளையின் நினைவு வந்தது. எழுந்து நின்று தலை குனிந்தவளைப் பார்த்து 'கவனம் போதாது' என்று எழுதினேனே! ஐம்பது வயது ஆண்மகன், தொழில் உள்ளவன், ஊரில் மதிப்புள்ளவன். எனக்கே இவ்வளவு என்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

எங்களுக்குப் படிப்பித்தவர் ஓர் இளம் சிங்கள ஆசிரியை. என் மகளின் வயது இருக்கும். மூன்றாவது வகுப்பில் அவர் என்னிடம் வந்து, எத்தனை ஆண்டுகளாகப் படிப்பிக்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். நான் பிழையும் சரியுமாக விடை சொன்னேன். அவர் 'பிழை' என்று சொல்லவில்லை. நான் சொன்னதையே சரியான வடிவில் வியப்போடு திருப்பிச் சொல்லி, அடுத்த கேள்வியைக் கேட்டார். நானும் அடுத்த விடையை, அவர் சொன்ன வடிவத்தைப் பார்த்துச் சொன்னேன். கால் மணி நேரம் கதைத்தோம். திருத்தப்படுகிறேன் என்பதை நான் உணரவேயில்லை, ஆனால் திருத்தப்பட்டேன்.

இது புதிய முறையா? நம் தாய்மார் காலங்காலமாகச் செய்து வருவது இதுதானே! மழலைப் பிள்ளை ஓடி வந்து, 'அம்மா, மாமா வந்துது' என்கிறது. தாய் என்ன சொல்கிறாள்? 'உயர்திணைக்கு அஃறிணை வினைமுற்று வராது' என்றா? 'ஓமடா குஞ்சு, மாமா வந்திட்டார்! வா, போய்ப் பார்ப்பம்' என்கிறாள். சேதியை ஏற்றுக்கொள்கிறாள், மகிழ்கிறாள், சரியான வடிவத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறாள். ஆறு வயதுக்குள் ஒரு முழு மொழியையே பிள்ளைக்கு ஊட்டிவிடும் அந்தப் பல்கலைக்கழகத்தில் பிரம்பும் இல்லை, சிவப்பு மையும் இல்லை.

தனிநாயகம் அடிகளார் காட்டிய வழி

கற்பிப்பவன் தானும் கற்பவனாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலே தோன்றிய ஒரு பெரியாரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1913-இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார், உரோமையிற் குருத்துவக் கல்வி முடித்து, ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவராய்த் திரும்பினார். 1940-களின் தொடக்கத்தில் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்றிற் பணியாற்றச் சென்றபோது, தமது தாய்மொழியில் தாம் எவ்வளவு பின்தங்கியவர் என்பதை உணர்ந்தார். அந்தப் பள்ளியில் அவர் துணைத் தலைமையாசிரியர். ஆயினும் வெட்கப்படவில்லை. தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவனாக அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் பயின்றார். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று உழைத்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது.

அவரை உலகத் தமிழ்த் தூதர் என்று போற்றுகிறோம். அந்தத் தூது, 'எனக்கு இது தெரியாது, சொல்லித் தாருங்கள்' என்று ஒரு தலைமை நிலையில் இருந்தவர் வாய் திறந்து சொன்ன நாளில் தொடங்கியது. அந்த வசனத்தைச் சொல்லப் பழகாத ஆசிரியன், பிள்ளையும் அதைச் சொல்ல இடங்கொடுக்க மாட்டான்.

அப்படியானால் பிழையை விட்டுவிடுவதா?

'சேர், நீங்கள் சொல்வது கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் அடியாத மாடு படியாது. சோதினையில் பிழைக்குப் புள்ளி குறைக்கிறார்களே!' என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி அது. அதற்கு மறுமொழி சொல்லாமற் போக முடியாது.

பிழையைத் திருத்தாமல் விடுவதும் அன்பு அன்று. தன் காணியைப் பற்றியும், காணாமற்போன தன் பிள்ளையைப் பற்றியும் மனு எழுத வேண்டிய நிலையில் இங்கே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன! தாம் சொன்னது தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட, அதன் கீழே கையொப்பம் வைத்த தாய்மார் உண்டு. அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தினால் 1987-இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், மக்கள் தம் மொழியிலேயே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்ய வசதி வேண்டும் என்று, கற்றுக்கொண்ட பாடங்கள் பற்றிய ஆணைக்குழு 2011-இலும் எழுத வேண்டியிருந்தது. அறிவியல்நகரிற் பொறியியல் பீடத்திற்குள் நுழையும் நம் பிள்ளைகளுக்கு விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. எனவே, திருத்தமான தமிழும், பயன்படும் ஆங்கிலமும், அயலவனோடு பேசச் சிங்களமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அரை குறை மொழி அவர்களை இன்னொருவன் தயவில் நிறுத்திவிடும்.

சிங்களம் எதற்கு என்று கசப்போடு கேட்கும் பெற்றோரும் உண்டு. அந்தக் கசப்புக்குக் காரணம் உண்டு. நானும் அதே முள்ளுக்கம்பிக்குள் இருந்தவன்தான். ஆனால் எந்த மொழியும் ஓர் அரசாங்கத்தின் சொத்து அன்று. என் பிழையை மகள் போலத் திருத்திய அந்த ஆசிரியையின் மொழியும் அதுவே. நம் மொழியை விட்டுக்கொடுத்து அதைக் கற்பது அடிமைத்தனம். நம் மொழியில் உறுதியாக நின்று அதைக் கற்பது அறிவுடைமை. அவர்களும் நம் மொழியைக் கற்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆகவே, திருத்தம் வேண்டும். பயமுறுத்தாமற் கிடைக்கும் திருத்தம் வேண்டும். பயம் ஒரு வேலையைச் செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளையைப் பிழை விடாமற் செய்துவிடும். எப்படி? பேசாமல் இருக்கச் செய்வதன் மூலம்! பேசாதவன் பிழை விடுவதில்லை. எழுதாதவனுக்கு எழுத்துப் பிழை இல்லை. மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும், ஒரு வழிப்போக்கனுக்கு வழி சொல்ல வாய் வராத பிள்ளைகளை நாம் இப்படித்தான் உண்டாக்கினோம். அவர்களுக்கு இலக்கணம் தெரியும், தைரியம் இல்லை. புனித அகுஸ்தீனாரும் ஒழுங்கு வேண்டாம் என்று சொன்னவர் அல்லர். ஆவல் கட்டற்று ஓடினால் அதற்குக் கரை கட்ட ஒழுங்கு வேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் கரை கட்டுவதற்கு முதலில் ஆறு ஓட வேண்டுமே!

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான்கு சொற்கள்

என் அனுபவத்தில் நான் கண்டுகொண்டவற்றை நான்கே வரிகளிற் சொல்லலாம்.

முதலாவது, பிள்ளை சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள். சேதிக்கு மறுமொழி சொல்லுங்கள். பிழையைப் பிறகு பாருங்கள்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். ஒரு பக்கத்தில் இருபது சிவப்பு வட்டங்கள் போட்டால், பிள்ளை ஒன்றையும் கற்காது. 'எனக்கு இது வராது' என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, பிறர் முன்னிலையில் திருத்தாதீர்கள். பேச்சு வழக்கையோ, ஊரையோ, தாய் தகப்பனின் பேச்சையோ பகிடி பண்ணாதீர்கள். 'வீட்டில் அப்படிச் சொல்லலாம். கட்டுரையில் இப்படி எழுத வேண்டும்' என்று சொன்னாற் போதும். வீட்டுப் பேச்சும் கெடாது, எழுத்தும் திருந்தும்.

நான்காவது, உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையின் முன் சொல்லுங்கள். அகராதியைப் பிள்ளையோடு சேர்ந்து புரட்டுங்கள். பிழை விட்டும் வெட்கித்துப் போகாத ஒரு பெரிய மனிதனைப் பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய பாடம்.

'ஒரே பாடத்தை ஆண்டுதோறும் சொல்லிச் சலித்துவிட்டது' என்னும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தியோகிராசியாஸ் என்னும் திருத்தொண்டர் ஒருவர் இதே சலிப்பைப் புனித அகுஸ்தீனாருக்கு எழுதினார். புனிதர் அவருக்கு ஒரு சிறு நூலையே மறுமொழியாக அனுப்பினார். நமக்குப் பழகிப்போன அழகிய இடத்தை, அதைக் கண்டிராத நண்பனுக்குக் காட்டும்போது, அவனுடைய வியப்பினால் நமக்கும் அந்த இடம் புதிதாகத் தோன்றுகிறதல்லவா என்று அதிலே கேட்கிறார். பிள்ளையின் கண்ணாற் பார்ப்பவனுக்கு அகரமும் பழையதாவதில்லை.

வாசகரே, அந்த மலையகப் பிள்ளையின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது; இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அந்தப் பகுதி மக்கள் பல முறை இடம்பெயர்ந்தார்கள். 2009-க்குப் பின் விசாரித்தும் எவராலும் சொல்ல முடியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இனிக் கிடைக்காமற் போகலாம். ஆகவேதான், அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

இன்று மாலை உங்கள் பிள்ளை பாடசாலையால் வந்து ஏதாவது சொல்லத் தொடங்கும். அடுப்பில் வேலை இருக்கலாம், கையில் தொலைபேசி இருக்கலாம். அதை வைத்துவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அது சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். அது நாளைக்கும் அங்கேதான் இருக்கும். சொல்ல வந்த பிள்ளை நாளைக்கும் சொல்ல வரும் என்பதற்கு, இன்று நீங்கள் கேட்பது ஒன்றுதான் உறுதி.